மழை இலைக்குக் கழிக்கும் தண்ணீர்: எடைக் குறைப்பில் விட்டதும் திரும்பியதும்

குன்னூரிலிருந்து:

சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கும் ஒரு தொழிற்சாலையில் இலைக் கணக்கு எழுதுவது என் வேலை. இருபது ஆண்டுகளாக மற்றவர்களின் மூட்டைகளை நிறுத்துக் குறித்துவந்த நான், என் உடம்பை முதன்முதலாக ஒழுங்காக நிறுத்துப் பார்த்தது 2022 ஜனவரியில்தான். எடை 96 கிலோ, உயரம் 168 செ.மீ., இடுப்புச் சுற்றளவு 112 செ.மீ. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. பரிசோதனை 6.3 என்று வந்திருந்தது. 5.7 முதல் 6.4 வரை உள்ள அளவு நீரிழிவுக்கு முந்தைய நிலை என்று மருத்துவர் விளக்கினார். முப்பது கிலோ இறக்க வேண்டும் என்று சொல்வாரோ என அஞ்சியிருந்த எனக்கு, எடையில் நூற்றுக்கு ஏழு பங்கு இறக்கினாலே பெரும்பயன் உண்டு என்று அவர் சொன்னது பெரிய ஆறுதலாக இருந்தது. அந்த அளவையும் வாரத்துக்கு 150 நிமிட நடையையும் இலக்காக வைத்து அமெரிக்காவில் நடத்தி, 2002-இல் முடிவு வெளியிட்ட ஆய்வில், நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்ததாம். என் கணக்கில் அது ஏழு கிலோவுக்கும் சற்றுக் குறைவு.

முதல் மூன்று வாரங்களில் சோற்றை அடியோடு நிறுத்தி நாலரைக் கிலோ குறைந்தேன். அவ்வளவும் கொழுப்பு என்று நம்பினேன். ஈரலிலும் தசையிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் என்பதும், சோற்றை நிறுத்தியதும் முதலில் வெளியேறுவது அந்தத் தண்ணீர்தான் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால், ஐந்தாவது வாரத்தில் எடை இறங்க மறுத்தபோது என்னையே அவ்வளவு திட்டிக்கொண்டிருக்க மாட்டேன்.

உண்மையான மாற்றம் தேநீர்க் கோப்பையில் தொடங்கியது. தொழிற்சாலையில் தேநீருக்கு அளவே கிடையாது. குளிருக்கு இதமாக நாளொன்றுக்கு ஏழு கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, மாலையில் கூடவே இரண்டு வர்க்கி பிஸ்கட் என்பது என் வழக்கம். தேக்கரண்டிக்கு ஐந்து கிராம் வீதம் ஒரு நாளைக்கு 70 கிராம் சர்க்கரை, ஏறத்தாழ 280 கலோரி என்று கணக்குப் போட்டுப் பார்த்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. மூன்று கோப்பையாகக் குறைத்தேன். பிறகு சர்க்கரையை அரைக் கரண்டி அரைக் கரண்டியாகக் குறைத்து, இரண்டு மாதத்தில் முழுவதும் விட்டேன். சோற்றை அளவாகத் திரும்பச் சேர்த்துக்கொண்டு, மதியத்தில் அவரையோ மொச்சையோ கூட்டினேன். காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்து தேயிலைத் தோட்டத்துச் சாலையில் நடந்தேன். மே மாத முடிவில் 89 கிலோ. மருத்துவர் சொன்ன ஏழு பங்கு நிறைவேறிவிட்டது.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிய ஒரு காலையில், மூடுபனிக்குள் பத்துப் பதினைந்து அடி தூரத்தில் சாலையோரச் செடிகள் அசைந்தன. காட்டெருமை என்று நினைத்து நின்றேன்; வெளியே வந்தது கரடி. அது என்னைப் பார்த்துவிட்டுச் சாலையைக் கடந்து கீழ்த்தோட்டத்துக்குள் இறங்கிவிட்டது. எனக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் மறுநாள் நான் நடக்கவில்லை. அதற்கு மறுநாளும் நடக்கவில்லை.

அந்த இடைவெளி 94 நாள்கள் நீடித்தது. இதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் என் அனுபவத்தில் பிறருக்குப் பயன்படக்கூடியது இதுதான். கரடி என்னைத் தடுத்தது ஒரு வாரம் மட்டுமே. விடிந்த பின் நடந்திருக்கலாம், மாலையில் நடந்திருக்கலாம், வீட்டுப் படிகளில் ஏறி இறங்கியிருக்கலாம். மற்ற எண்பத்தேழு நாள்களும் என்னைக் கட்டிப்போட்டது வெட்கம். ‘விட்டாச்சு, இனி எடை மேடையில் ஏறினால் மனசு கஷ்டப்படும்’ என்று எடை பார்க்கும் கருவியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அதைப் பார்க்காததால் தேநீரில் சர்க்கரை திரும்பியது, வர்க்கி திரும்பியது. கேட்டால் எரிந்து விழுவேன் என்று என் மனைவி கேட்பதையே நிறுத்திவிட்டார். ஜனவரியில் பழைய கால்சட்டை பொத்தான் போட மறுத்தபோது கருவியை வெளியே எடுத்தேன். 95 கிலோ.

அன்று இரவு ஒரு நோட்டை எடுத்து, இலைக் கணக்குக்குக் கோடு போடுவது போலவே கோடு போட்டேன். எடைக்கு ஒரு கட்டம், இடுப்பு அளவுக்கு ஒரு கட்டம், பிறகு ‘விட்ட நாள்’, ‘திரும்பிய நாள்’, ‘இடைவெளி’ என்று மூன்று கட்டங்கள். முதல் வரியில் 94 என்று எழுதினேன். இனி விடவே மாட்டேன் என்று சத்தியம் செய்யவில்லை. அத்தகைய சத்தியங்களைப் பல முறை செய்து பார்த்தவன் நான். அடுத்த முறை அந்த எண் குறைய வேண்டும் என்பது மட்டுமே என் நோக்கமாக இருந்தது. நடையை மாலைக்கு மாற்றினேன். வேலை முடிந்து வரும்போது மேல் குன்னூரில் உள்ள பெட்ஃபோர்டு நிறுத்தத்தில் இறங்காமல் கீழே பேருந்து நிலையம் வரை சென்று, அங்கிருந்து சிம்ஸ் பூங்காப் பக்கம் ஏறி வீட்டுக்கு நடக்கத் தொடங்கினேன். ஆள் நடமாட்டமும் விளக்கும் உள்ள சாலை என்பதால் பயம் இல்லை. வீட்டுக்குப் போகும் வழியும் அதுவே என்பதால் அதைத் தவிர்க்கச் சாக்கும் இல்லை.

அந்த ஆண்டு மே மாதம் அக்காள் மகளின் திருமணம். இரண்டு நாள் விருந்து முடிந்து எடை பார்த்தபோது 1.8 கிலோ கூடியிருந்தது. மனம் உடைந்துபோய்த் தொழிற்சாலையில் உட்கார்ந்திருந்தேன். இரவெல்லாம் கோடை மழை பெய்திருந்தது. எங்களுக்கு நெடுங்காலமாக இலை கொடுக்கும் படகர் சமூகப் பெரியவர் ஒருவரின் மூட்டைகள் சொட்டச் சொட்ட வந்திறங்கின. வழக்கம்போல ஈரத்துக்கு எடையைக் கழித்து எழுதினேன். கழிவு அதிகம் என்று சிறிது நேரம் வாதாடிய பின், என் முகத்தைப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். அவர் சொன்னார்: “மழை இலைன்னா தண்ணி கழிச்சுத்தானே எழுதறீங்க தம்பி? உங்க உடம்புக்கு மட்டும் ஏன் கழிக்காம எழுதறீங்க?”

ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் பசுந்தேயிலை வேண்டும், மீதமெல்லாம் வாட்டும்போதும் உலர்த்தும்போதும் போகும் ஈரம் என்பதை தினமும் எழுதும் எனக்கு, அந்தக் கேள்வி சுருக்கென்று உறைத்தது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. 1.8 கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால், உடம்பு செலவழிப்பதற்கும் மேலாக ஏறக்குறைய 14,000 கலோரியை அந்த இரண்டு நாளில் நான் சாப்பிட்டிருக்க வேண்டும். எவ்வளவு பெரிய விருந்தானாலும் அது நடக்காது. உப்பும் இனிப்பும் சோறும் பிடித்து வைத்த தண்ணீரே பெரும்பங்கு. அன்று மாலையே பேருந்து நிலையத்திலிருந்து ஏறி நடந்தேன். ஐந்தாம் நாள் எடை பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ‘இடைவெளி’ கட்டத்தில் 3 என்று எழுதினேன். பிறகு காய்ச்சலால் ஒரு முறை 26 ஆனது. முழங்கால் வலியால் 9 ஆனது. எண் ஒரே சீராக இறங்கவில்லை, ஆனால் 94 மறுபடி வரவில்லை.

எடை நின்றுபோய் மனம் சோர்ந்திருப்பவர்களுக்காக இன்னொன்று சொல்ல வேண்டும். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவையும் நடையையும் சீராக்கியவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய எடையோ குறிப்பிடும்படி குறையவில்லை. கருவியின் முள் அசையாத வாரங்களிலும் நடை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்பதற்கு நம் மக்களிடமிருந்தே கிடைத்த சான்று இது. 84 கிலோவில் பதினோரு வாரம் நின்றபோது என்னை நடக்கவைத்தது இந்த ஒரு செய்திதான்.

கொடைக்கானலிலிருந்து:

ஐயா எழுதிய வெட்கம் எனக்கு வேறு வழியாக வந்தது. ஏரிச் சாலையில் எங்களுக்குச் சுவெட்டர் கடை இருக்கிறது. 1863-இல் வெட்டிய அந்த ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர். அதை ஒரு சுற்று வருவதுதான் என் நடை. எட்டு மாதத்தில் 74-லிருந்து 67 கிலோவுக்கு வந்திருந்தேன். வத்தலக்குண்டில் ஒரு திருமணத்துக்குப் போனபோது, என் சின்னம்மா எல்லார் முன்னாலும் என் கன்னத்தைப் பிடித்து, “என்னடி இப்படி வத்திப்போயிட்ட? சர்க்கரையா, இல்ல வீட்ல ஏதும் பிரச்சினையா?” என்று கேட்டார். அன்பில் கேட்டதுதான். ஆனாலும் பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கு நோய் இல்லை என்று காட்டுவதற்காகவே இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். ஊர் திரும்பிய பின்னும் அந்தக் கேள்வி மனத்தை அரித்தது. ஏப்ரல், மே சீசன் வந்ததும் காலை எட்டு முதல் இரவு பத்து வரை கடையிலேயே இருந்தேன். ஏரியைச் சுற்றி வண்டி நெரிசலில் நடக்கவும் முடியவில்லை.

சீசன் முடிந்து திரும்ப நடக்கத் தொடங்கியும் எடை ஏறியது. எப்போதும் களைப்பு, மலச்சிக்கல், தோல் வறட்சி, தாங்க முடியாத குளிர். கொடைக்கானலில் யாருக்குத்தான் குளிராது என்று நானும் விட்டுவிட்டேன், வீட்டாரும் விட்டுவிட்டார்கள். ஜூன் மாதப் பகலில் இரண்டு சுவெட்டர் போட்டும் நடுங்குவதைக் கண்ட மகள்தான் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றாள். தைராய்டு சுரப்பு குறைந்தால் கூடும் டி.எஸ்.எச். அளவு நான்கு அல்லது ஐந்துக்குள் இருக்க வேண்டும்; எனக்குப் பதினொன்று இருந்தது. தைராய்டு சுரப்பு குறைவு. இப்போது விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டு, ஒரு மணி நேரம் கழித்தே காபி குடிக்கிறேன். மாத்திரை எடையைத் தானாக இறக்கும் என்று எண்ணியிருந்தேன். ஒன்றிரண்டு கிலோதான் குறைந்தது. ஆனால் ஏரியைச் சுற்றி வரும் தெம்பு திரும்பியது. மலையில் இருக்கும் பெண்களுக்கு நான் சொல்ல விரும்புவது, அளவுக்கு மீறிய குளிரை ஊர்க் குளிர் என்று தள்ளிவிடாதீர்கள் என்பதே. அதுவரை என் சோம்பலைத்தான் நான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சின்னம்மாவிடம் பிறகு தொலைபேசியில் பேசி, நானாகவே முயன்று குறைத்தேன் என்று விளக்கமாகச் சொன்னேன். இப்போது அவரும் மாலையில் நடக்கிறார்.

உதகமண்டலத்திலிருந்து:

சுற்றுலா வாகனம் ஓட்டுகிறேன். நான் அவசரப்பட்டவன். ஒரு நாளைக்கு ஒரே வேளை உணவு என்று பத்து வாரத்தில் 14 கிலோ இறக்கினேன், எல்லாரும் பாராட்டினார்கள். அடுத்த மாதம் கல்லட்டி இறக்கத்தில் வண்டி ஓட்டும்போது வலது விலாவுக்குக் கீழே உயிர் போகும் வலி வந்து, பயணிகளை வைத்துக்கொண்டே வண்டியை ஓரங்கட்டினேன். பித்தப்பைக் கல். மிக வேகமாக எடை குறைப்பவர்களுக்கு அந்தக் கல் உருவாகும் வாய்ப்பு கூடும் என்று அறுவைச் சிகிச்சைக்குப் பின்னரே அறிந்தேன். எட்டு மாதத்தில் 11 கிலோ திரும்ப ஏறியது. பசியோ முன்பைவிடப் பல மடங்கு. எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்றே நினைத்திருந்தேன். மெல்போர்னில் ஐம்பது பேரிடம் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றி ஒரு மருத்துவர் சொன்னார்: கடும் உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைந்தவர்களுக்கு, ஓராண்டு கழித்தும் பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோன் உயர்ந்தும், நிறைவைத் தெரிவிக்கும் லெப்டின் என்னும் ஹார்மோன் தாழ்ந்தும் இருந்தன. அதைக் கேட்டபோது என் கண் கலங்கியது. இப்போது மாதம் ஒரு கிலோ குறைந்தால் போதும் என்று தொடங்கியிருக்கிறேன். குன்னூர் அண்ணனிடம் ஒரு கேள்வி: அந்த நோட்டில் கடைசி எண் என்ன?

குன்னூரிலிருந்து:

தம்பி, கடைசி எண் 2. போன மாதம் ஊர்த் திருவிழா, விருந்து, மறுநாள் உடல் அசதி. மூன்றாம் நாள் மாலை நடந்துவிட்டேன். 1994-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு பதிவேட்டில், எடையைக் குறைத்து நெடுநாள் காத்துவருகிறவர்களின் பழக்கங்களைக் குறித்துவருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வாரத்துக்கு ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் உடலுழைப்புச் செய்கிறார்கள். அதனால் உங்களுக்கு என் வேண்டுகோள், எடைக் கருவியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளாதீர்கள் என்பதுதான்.

என் எடை இப்போது 81 கிலோ, இடுப்பு 97 செ.மீ. ஆண்களுக்கு நம் நாட்டில் வைத்திருக்கும் 90 செ.மீ. அளவுக்கு இன்னும் ஏழு இருக்கிறது. இன்று காலை பார்த்தபோது 700 கிராம் கூடியிருந்தது. நேற்று இரவு வடகமும் ஊறுகாயும் சற்று அதிகம். குறித்துக்கொண்டேன். இங்கே மழை பெய்கிறது, குடை எடுத்துவந்திருக்கிறேன், ஆறரை மணிக்குப் பேருந்து நிலையத்தில் இறங்கிவிடுவேன்.