குரூப்_கான்கேட் தரும் ஜேசன் சர்வரில் மட்டும் பாதியில் அறுந்து வருகிறது, உதவுங்கள்

தேன்மொழி:
வணக்கம். ஒரு புத்தகக் கடைக்குப் பட்டியல் செய்கிறேன். பதிப்பக வாரியாக நூல்களை ஜேசனாக்கி (ஆப் படிக்கும் தரவு வடிவம்) மொபைல் ஆப்புக்கு அனுப்ப வேண்டும். டேட்டாபேஸ் குவெரியிலேயே ஒவ்வொரு நூலையும் கான்கேட்டால் கட்டி, குரூப்_கான்கேட்டால் கமா போட்டுச் சேர்த்து, இரு பக்கமும் சதுர அடைப்பு வைக்கிறேன். லேப்டாப்பில் ஸாம்ப் (பிஎச்பியும் டேட்டாபேஸும் சேர்ந்த தொகுப்பு), அங்கே அருமையாக ஓடுகிறது. சர்வரில் மைஎஸ்கியூஎல் 8 டேட்டாபேஸ். அங்கே பெரிய பதிப்பகங்களுக்கு மட்டும் கடைசி வரி இப்படி நிற்கிறது:

{"பெயர்":"நாட்டுப்புறக் கதைகள்","விலை":180.00},{"பெயர்":"கொங்குச் சமை]

எரர் லாகில் ஒன்றும் இல்லை. டேட்டா இரண்டு இடத்திலும் ஒன்றுதான், டம்ப் (முழு நகல்) எடுத்து ஏற்றியது.

குமரன்:
டேபிளில் பெயருக்கான காலத்தின் (நெடுவரிசையின்) நீளம் போதவில்லையோ? டேபிளில் முழுதாக இருக்கிறதா?

தேன்மொழி:
முழுதாக இருக்கிறது. அதே நூலைத் தனியாக எடுத்தால் சரியாகவே வருகிறது.

பழைய டிபிஏ:
காலத்தின் மேல் பழி போடாதீர்கள். மைஎஸ்கியூஎல்லில் குரூப்_கான்கேட்_மேக்ஸ்_லென் என்று ஒரு அமைப்பு உண்டு. அதன் இயல்பு மதிப்பு 1024 பைட். அதைத் தாண்டினால் வெட்டிவிட்டு, எரர் இல்லாமல் வார்னிங் மட்டும் கொடுக்கும். குவெரி முடிந்த கையோடு ஷோ வார்னிங்ஸ் அடியுங்கள், 1260 என்று வரும்.

தமிழுக்கு இந்த 1024 ரொம்பச் சீக்கிரம் தீரும். "நாட்டுப்புறக்" கண்ணுக்கு 7 எழுத்து. யூனிகோடில் புள்ளியும் துணைக்குறியும் தனித்தனி என்பதால் 13 குறிகள், குறிக்கு 3 பைட் வீதம் 39 பைட்.

லேப்டாப்பில் ஏன் ஓடுகிறது? ஸாம்ப் பேனலில் மைஎஸ்கியூஎல் என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது அதிலிருந்து பிரிந்த மரியாடிபி என்ற வேறு டேட்டாபேஸ். 10.2.4 முதல் அதில் இதே அமைப்பு 1 எம்பி.

அவசரத்துக்கு, கனெக்‌ஷன் திறந்ததும் செட் செஷன் (அந்த இணைப்புக்கு மட்டுமான மாற்றம்) போட்டு இந்த எண்ணைக் கூட்டுங்கள். ஆனால் கையால் ஜேசன் கட்டுவதையே நான் விடச் சொல்வேன். தலைப்பில் ஒரு இரட்டை மேற்கோள் வந்தால் போச்சு. விலை 'நல்' (மதிப்பே குறிக்காதது) என்றிருந்தால் கான்கேட் மொத்தமும் 'நல்' ஆகி, அந்த நூலே சத்தமில்லாமல் காணாமல் போகும்.

குமரன்:
அப்படியானால் ஜேசனைத் தாமே கட்டித் தரும் ஜேசன்_அரேஆக், ஜேசன்_ஆப்ஜெக்ட் ஃபங்ஷன்கள் போதுமே. 5.7.22 முதல் இரண்டும் இருக்கின்றன.

தேன்மொழி:
போட்டுப் பார்த்தேன். சர்வரில் ஓடுகிறது, ஆனால் அகர வரிசை கலைந்துவிட்டது. லேப்டாப்பிலோ அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்கிறது! வெர்ஷன் 10.4 என்று காட்டுகிறது.

பழைய டிபிஏ:
மரியாடிபிக்கு ஜேசன்_அரேஆக் 10.5-இல்தான் வந்தது. மைஎஸ்கியூஎல்லில் ஜேசன்_அரேஆக் உள்ளே ஆர்டர் பை போட முடியாது, வரிசைக்கு உத்தரவாதமும் இல்லை.

குவெரியைச் சாதாரண வரிகளாகவே விடுங்கள்: பதிப்பகம், பெயர் என்று ஆர்டர் பை. பிஎச்பியில் ஃபார்ஈச் (ஒவ்வொரு வரியாகச் செல்லும் சுற்று) ஓட்டி, பதிப்பகத்தைச் சாவியாக வைத்து அரேயில் சேருங்கள். கடைசியில் ஒரே ஒரு ஜேசன்_என்கோட். அதில் அன்எஸ்கேப்டு யூனிகோட் ஃபிளாக் சேர்க்கவும். இல்லாவிட்டாலும் ஆப் படித்துவிடும், ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுக்குப் பதில் 6 பைட் பிடிக்கும். த்ரோ ஆன் எரர் ஃபிளாகும் போடுங்கள். இல்லையென்றால் கெட்டுப்போன யூடிஎஃப்-8 ஒரு இடத்தில் இருந்தாலும் வெறும் ஃபால்ஸ் திரும்பி வரும்.

தேன்மொழி:
அண்ணா, இரண்டு இடத்திலும் ஓடுகிறது! விலை குறிக்காத நூல்களும் இப்போது வருகின்றன. ஒன்று மட்டும்: விலை "180.00" என்று மேற்கோளுக்குள் இருக்கிறது. நியூமெரிக் செக் ஃபிளாக் போடலாமா?

பழைய டிபிஏ:
வேண்டாம். டெசிமல் காலம் பிஎச்பிக்குச் சரமாகத்தான் (எழுத்துத் தொடராக) வரும், அதனால்தான் மேற்கோள். அந்த ஃபிளாக் போட்டால் எண் போலத் தெரியும் எல்லாச் சரங்களையும் எண்ணாக்கிவிடும். 0-வில் தொடங்கும் பழைய பத்து இலக்க ஐஎஸ்பிஎன்களில் (நூல் அடையாள எண்) முன்னால் உள்ள சுழியம் போய்விடும். ஃபார்ஈச்சுக்குள் விலையை மட்டும் ஃப்ளோட்டாக (தசம எண்ணாக) மாற்றுங்கள். 'நல்' என்றால் அப்படியே விடுங்கள், இல்லாவிட்டால் விலை 0 என்று ஆப்பில் காட்டும், கடைக்காரர் உங்களைத் தேடி வருவார்.