வண்டலூர் உயிரியல் பூங்கா: முழங்கால் வலி உள்ள அத்தை, நாலு வயதுப் பெண், ஒரே நாள். எப்படிச் சமாளிப்பது?

விழுப்புரத்து மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு வண்டலூர் போகலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், ஒன்பது வயதுப் பையன், நாலு வயதுப் பெண், அப்புறம் என் மாமியார். அத்தைக்கு வயது 67. முழங்கால் வலி, கூடவே சர்க்கரை. ஒரு தெரு நடந்தாலே உட்கார இடம் தேடுவார். ஆனால் வர மாட்டேன் என்று சொல்கிற ஆள் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் இருந்தபோது பார்த்ததாம், இன்னும் உயிர் காலேஜ் என்றுதான் சொல்கிறார்.

திங்கள் சாயங்காலம் கூடுவாஞ்சேரியில் சித்தப்பா வீட்டுக்கு வந்து தங்குகிறோம். கிறிஸ்துமஸ் கூட்டம் கொஞ்சம் அடங்கியிருக்கும் என்று செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு வைத்திருக்கிறோம். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை முழுவதும் பார்த்துவிட வேண்டும். புதன் ராத்திரி ஊருக்குத் திரும்பல்.

இணையத்தில் பேட்டரி கார் முன்பதிவு செய்யப் பார்த்தால் நாங்கள் கேட்கும் தேதி கிடைக்கவே மாட்டேன் என்கிறது. அது இல்லாமல் அத்தையை எப்படிக் கூட்டிப் போவது? எதை முதலில் பார்ப்பது? சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமா? பையனுக்குப் பாம்பும் முதலையும் என்றால் உயிர். பெண்ணுக்கு ஒட்டகச்சிவிங்கி மட்டும் போதும்.

கூடுவாஞ்சேரிக்காரன்:

தேதி கிடைக்காததற்குக் காரணம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு வார விடுமுறை. பொங்கல் மாதிரி பண்டிகை சமயத்தில் சில வருடம் செவ்வாயும் திறப்பதாக அறிவிப்பு வரும். அந்த அறிவிப்பைக் கண்ணால் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். புதனுக்கு மாற்றுங்கள்.

விழுப்புரத்து மருமகள்:

ஐயோ, நல்லவேளை கேட்டேன்! புதன் என்றால் மாலை ஆறு மணிக்குள் சித்தப்பா வீட்டுக்கு வந்து பெட்டி கட்டி ரயில் பிடிக்க வேண்டும். அப்படியானால் செவ்வாய் முழுக்கச் சும்மா இருக்க வேண்டியதுதானா? கிண்டி பாம்புப் பண்ணைக்காவது போகலாமா?

கூடுவாஞ்சேரிக்காரன்:

கிண்டி பாம்புப் பண்ணையும் செவ்வாய்தான் மூடுவார்கள். பக்கத்தில் இருக்கும் சிறுவர் பூங்காவும் அப்படியே. சென்னைக்கு மிருகம் பார்க்க வருகிறவர்களைச் செவ்வாய்க்கிழமை திருப்பி அனுப்பிவிடும்.

மூன்று பிள்ளைக்காரி:

முதலைப் பண்ணையை எல்லோரும் மறந்துவிடுகிறீர்களே. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தாண்டி, மாமல்லபுரத்துக்கு முன்னால் வடநெம்மேலியில் இருக்கிறது. அவர்களுக்கு விடுமுறை திங்கள், செவ்வாய் திறந்திருக்கும். உங்கள் பையனுக்கு வண்டலூரைவிட அதுதான் சொர்க்கம். கூடுவாஞ்சேரியிலிருந்து வண்டலூர் வந்து, கேளம்பாக்கம் சாலை பிடித்து, கோவளம் வழியாகப் போகலாம். காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய.

அத்தைக்கும் அது வசதி. இடம் சின்னது, தரை சமம், மர நிழல். கம்பிச் சுவருக்குப் பக்கத்தில் நின்றாலே குவியல் குவியலாக முதலை. டிசம்பரில் வெயில் காய வாயைப் பிளந்துகொண்டு கரையில் கிடக்கும், நீங்கள் தேடவே வேண்டாம்.

ஏரிக்கரை:

மூன்று பிள்ளைக்காரி சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன். அங்கே இந்தியாவின் மூன்று வகை முதலைகளையும் ஒரே இடத்தில் பார்க்கலாம்: ஆறு, ஏரிகளில் இருக்கும் சாதா முதலை, கழிமுகத்து உவர்நீர் முதலை, நீளமூக்குக் கரியால். 1976-ல் பாம்பு, முதலை ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கரும் மற்றவர்களும் அழிந்துகொண்டிருந்த முதலைகளை இனப்பெருக்கம் செய்யத் தொடங்கிய இடம் அது. அதற்கு நாலு வருடம் முன்னால் கிண்டி பாம்புப் பண்ணையைத் தொடங்கியவரும் விட்டேக்கர்தான்.

அதே வளாகத்தில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உண்டு. பானையிலிருந்து பாம்பை எடுத்து விஷம் எடுப்பதைக் காட்டுவார்கள். அன்றைக்கு நடக்கிறதா என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், அதற்குத் தனிக் கட்டணம். நல்லபாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் இந்த நான்கின் விஷமும் விஷமுறிவு மருந்து செய்யப் போகிறது. 2023-ல் இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பையனிடம் அதையும் சொல்லி வையுங்கள்.

விழுப்புரத்து மருமகள்:

பையனிடம் சொன்னேன், இப்போதே பை எடுத்து வைத்துவிட்டான். சரி, செவ்வாய் முதலைப் பண்ணை, புதன் வண்டலூர். சித்தப்பா பையன் காரில் கொண்டுவிடுவதாகச் சொல்கிறான். இப்போது வண்டலூருக்கு வாருங்கள். புதன் முழு நாளும் எங்களுக்கு இல்லை. ஒரு மணிக்கே கிளம்பினால் எவ்வளவு பார்க்க முடியும்?

கூடுவாஞ்சேரிக்காரன்:

நாலு மணி நேரம் தாராளம். உண்மையில் உங்கள் முதல் திட்டத்தில் எனக்கு உறுத்தியது செவ்வாய்க்கிழமை இல்லை, "முழுவதும் பார்த்துவிட வேண்டும்" என்பதுதான். மொத்தம் 602 ஹெக்டேர், அதாவது ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் ஏக்கர். அதில் மீட்ட விலங்குகளுக்கான மறுவாழ்வு மையமும் காடும் போக நாம் நடக்கும் பகுதியே பெரிசு. ஒரு கூண்டுக்கும் அடுத்ததற்கும் இடையே சில இடத்தில் பத்து நிமிட நடை. நாலு வயதுக் குழந்தை பாதி வழியில் தூக்கு என்று கையை நீட்டும். எதை விடுவது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வருபவர்கள்தான் சிரித்துக்கொண்டே வெளியே வருகிறார்கள்.

வாசல் ஒன்பதுக்குத் திறக்கும். எட்டே முக்காலுக்கு அங்கே நில்லுங்கள். நுழைவுச் சீட்டு இணையத்தில் எடுத்துக்கொண்டால் ஒரு வரிசை மிச்சம். பெரியவர்களுக்கு முன்பு 115 ரூபாய் இருந்தது, 200 ஆக்கிவிட்டார்கள். பேட்டரி கார், சஃபாரி எல்லாம் அதற்கு மேல்.

பல்லாவரம் பாலு:

நான் சொல்வது பலருக்குப் பிடிக்காது. பேட்டரி கார் வீண் செலவு. ஒரு சுற்று ஓட்டி, சில இடத்தில் நிறுத்தி, "சீக்கிரம் ஏறுங்க" என்பார்கள். புலி அப்போதுதான் எழுந்து சோம்பல் முறிக்கும், வண்டி கிளம்பிவிடும். வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு மிதியுங்கள், அதுதான் ஆனந்தம்.

மூன்று பிள்ளைக்காரி:

பாலு சார், முழங்கால் வலிக்காரர் சைக்கிளில் எங்கே உட்காருவார்? கேரியரிலா?

பல்லாவரம் பாலு:

மன்னிக்கவும், அந்த வரியை விட்டுவிட்டேன். ஆனாலும் மற்ற நாலு பேருக்கும் சேர்த்துப் பேட்டரி காருக்குக் கட்டணம் கட்டுவதை யோசியுங்கள். அத்தையும் சின்னப் பெண்ணும், கூட ஒரு ஆளும் மட்டும் ஏறினால் போதாதா? அப்பாவும் பையனும் நடக்கட்டும் அல்லது மிதிக்கட்டும். ஓரிடம் சொல்லிவைத்து அங்கே சேர்ந்துகொள்ளலாம்.

கூடுவாஞ்சேரிக்காரன்:

இது நல்ல யோசனை. சேருமிடமாக ஒட்டகச்சிவிங்கி அடைப்பை வைத்துக்கொள்ளுங்கள், பெண்ணை அங்கிருந்து எப்படியும் நகர்த்த முடியாது. பேட்டரி காருக்கு வாசலிலேயே கவுன்ட்டரும் உண்டு. வரிசை சேர்வதற்குள் போனால் காலைச் சுற்றில் இடம் கிடைக்கும். சக்கர நாற்காலியும் கேளுங்கள். முக்கியப் பாதைகள் தார் போட்டவை, தள்ளுவது சிரமம் இல்லை. ஏற்ற இறக்கம் வரும் இடங்களில் மட்டும் இரண்டு பேர் பிடியுங்கள்.

ஏரிக்கரை:

வரிசைப்படி சொல்கிறேன். புலி, சிங்கம், கரடி எல்லாம் முதல் ஒன்றரை மணி நேரத்தில் பார்த்துவிட வேண்டும். பூனைச் சாதி முழுதும் காலையும் மாலையும்தான் சுறுசுறுப்பு. சிங்கம் நாளில் இருபது மணி நேரம்கூடப் படுத்துக் கிடக்கும். பதினொன்றுக்கு மேல் போய், "முதுகைத்தான் பார்த்தோம்" என்று குறைப்படுபவர்களைப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. அப்புறம் சிங்கவால் குரங்கு, நீலகிரிக் கருமந்தி. இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் காட்டில் கிடையாது, இவற்றைத் தவறவிட்டு யாராவது வந்தால் எனக்குக் கோபமே வரும். காட்டு மாட்டையும் பாருங்கள். அதன் தோளுக்கு முன்னால் நம் ஊர்க் காளை கன்றுக்குட்டி.

வெள்ளைப் புலியைக் கண்டால் பையன் "பனிப்பிரதேசத்துப் புலியா" என்று கேட்பான், எல்லாப் பிள்ளைகளும் கேட்பார்கள். நம் வங்கப் புலிதான் அது. ஒரு மரபணு தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒன்றாக வந்து சேர்ந்தால் இந்த நிறம். 1951-ல் மத்தியப் பிரதேசத்து ரேவா பக்கம் பிடித்த மோகன் என்ற குட்டியின் வழிவந்தவைதான் இன்று காட்சிசாலைகளில் இருப்பவற்றில் பெரும்பாலானவை.

டிசம்பர் என்பதால் ஓட்டேரி ஏரியை விட்டுவிடாதீர்கள். மழை நன்றாகப் பெய்த வருடம் என்றால் நீர்ப்பறவைகள் குவிந்திருக்கும். அத்தை அங்கே உட்கார்ந்து இளைப்பாறலாம், கட்டணம் இல்லாத காட்சி.

விழுப்புரத்து மருமகள்:

சஃபாரி? கணவருக்கு அதுதான் முக்கியம்.

கூடுவாஞ்சேரிக்காரன்:

பஸ்ஸில் சிங்கம், மான் இருக்கும் பகுதிக்குள் கூட்டிப் போவார்கள். சில நாட்கள் நிறுத்திவைத்திருப்பதும் உண்டு, அதனால் நுழையும்போதே இன்றைக்கு ஓடுகிறதா என்று கேளுங்கள். ஓடினால் காலையிலேயே டிக்கெட் எடுத்துவிடுங்கள், மத்தியானம் வரிசை நீளும். சிங்கம் பஸ் ஜன்னலுக்கு வந்து நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தூரத்தில் மரத்தடியில் தெரிந்தாலே லாபம். அத்தைக்குப் பஸ் படி ஏற முடியுமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று பிள்ளைக்காரி:

சாப்பாட்டு விஷயம். வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக் பை, பிஸ்கட் பொட்டலம், சிப்ஸ் எல்லாம் உள்ளே விடமாட்டார்கள். 2019 ஜனவரியிலிருந்து மாநிலம் முழுவதும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, இங்கே அதைக் கறாராகவே பார்க்கிறார்கள். ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர் எடுங்கள். அத்தைக்குச் சர்க்கரை இருப்பதால் நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும். மருந்து சம்பந்தமான சிற்றுண்டி என்று டப்பாவைக் காட்டிச் சொல்லுங்கள், எனக்குத் தெரிந்து முகம் சுளிக்க மாட்டார்கள். உள்ளே உணவகம் இருக்கிறது. பன்னிரண்டுக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள், ஒன்றரைக்குப் போனால் டோக்கனுக்கே அரை மணி.

இன்னொன்று: கூண்டில் இல்லாத குரங்குகள். வளாகமெங்கும் நாட்டுக் குரங்கு சுற்றும். பெண்ணின் கையில் தின்பண்டம் கொடுத்தீர்களோ, முடிந்தது.

விடுமுறைக் கூட்டத்தில் இரண்டு பிள்ளைகளின் கையிலும் உங்கள் போன் நம்பரைப் பேனாவால் எழுதிவிடுங்கள்.

பெரம்பூர் தாத்தா:

பெரியம்மா உயிர் காலேஜ் என்று சொன்னதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நாங்களும் அப்படித்தான் சொல்வோம், எழும்பூர் அருங்காட்சியகம் செத்த காலேஜ். அவர் பார்த்தது சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட்டை ஒட்டி இருந்த பழைய காட்சிசாலை. 1855-ல் எட்வர்ட் பால்ஃபோர் அருங்காட்சியக வளாகத்தில் ஆரம்பித்து, பிற்பாடு பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றியது. இடம் போதாமல் வண்டலூரில் புதிதாகக் கட்டி, 1985 ஜூலையில் எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார். அதே வருடம்தான் மூர் மார்க்கெட்டும் எரிந்துபோனது. பெரியம்மாவை அதைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள், பேட்டரி காருக்குக் காத்திருக்கும் நேரம் போவதே தெரியாது.

2016 டிசம்பர் வர்தா புயலில் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. முன்பு குடை மாதிரி இருந்த சில பாதைகளில் இப்போது வெயில் சுள்ளென்று விழும். பெரியம்மாவுக்குத் தொப்பியோ குடையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

விழுப்புரத்து மருமகள்:

அத்தையிடம் படித்துக் காட்டினேன், மூர் மார்க்கெட்டில் வாங்கிய வளையல் கதை அரை மணி ஓடியது.

சரி, இப்படி வைத்துக்கொள்கிறோம். புதன் எட்டே முக்காலுக்கு வாசல். சஃபாரி ஓடினால் அதற்கும், பேட்டரி காருக்கும் உடனே டிக்கெட். அத்தை, நான், பெண் காரில். அவரும் பையனும் நடந்து புலி, சிங்கம், குரங்கு. ஒட்டகச்சிவிங்கி அருகே சந்திப்பு. பன்னிரண்டுக்குச் சாப்பாடு. கால் தாங்கினால் ஓட்டேரி, இல்லையென்றால் கிளம்பல். பாம்பு வீட்டை விட்டுவிட்டோம், முந்தின நாளே வயிறு நிறையப் பார்த்திருப்பான். ஒரே கேள்வி: சித்தப்பா பையனுக்குப் புதன் வேலை. திரும்புவது எப்படி?

கூடுவாஞ்சேரிக்காரன்:

வண்டலூர் ஸ்டேஷன் பக்கம்தான், செங்கல்பட்டு போகும் லோக்கல் ஏறினால் அடுத்தடுத்த ஸ்டேஷன்களில் கூடுவாஞ்சேரி. ஆனால் மேம்பாலப் படி அத்தைக்கு ஆகாது. வாசலில் ஆட்டோ பிடித்து நேரே வீட்டுக்குப் போய்விடுங்கள். ராத்திரி விழுப்புரம் ரயில் வண்டலூரில் நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். தாம்பரமா செங்கல்பட்டா என்று டிக்கெட்டில் பார்த்து, பஸ்தான் என்றால் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலிருந்து ஏறுங்கள். கூடுவாஞ்சேரிக்கு அதுதான் எல்லாவற்றிலும் கிட்டே.