சாட் நாட்டில் 12 நாளாக ஒரே இடத்தில் நிற்கும் நாரை: உயிரோடு இருக்கிறதா?

மஸ்கெலியா_ஆசிரியர் எழுதியது:

வணக்கம். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் தரம் 7க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பறவைகளைப் பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாது, தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

ஓகஸ்ட் மாதம் போனில் அனிமல் ட்ராக்கர் என்ற செயலியை இறக்கினேன். முதுகில் ஜீபிஎஸ் கருவி கட்டிவிட்ட பறவைகள் இப்போது எந்த நாட்டில் இருக்கின்றன என்று வரைபடத்தில் காட்டும். அதில் ஜேர்மனியில் இந்த வருடம்தான் கூட்டை விட்டுப் பறந்த ஒரு செங்கால் நாரையை வகுப்பில் எல்லோருமாகத் தெரிவு செய்தோம், பிள்ளைகள் அதற்கு ராசாத்தி என்று பெயர் வைத்தார்கள். பாடசாலையில் சிக்னல் இல்லை. மேல் மலையில் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும் என்பதால் காலையில் வரும் வழியில் அங்கே நின்று திரையைப் படம் எடுத்துக்கொண்டு வருவேன், சுவரில் ஒட்டியிருக்கும் உலகப் படத்தில் பிள்ளைகள் அடுத்த ஊசியைக் குத்தி சிவப்பு நூலை இழுப்பார்கள்.

ஓகஸ்ட் நடுவில் கிளம்பியது. ருமேனியா, பல்கேரியா, போஸ்பரஸ் நீரிணை, துருக்கி, பிறகு சிரியா, ஜோர்தான், சினாய், நைல் நதியை ஒட்டியே சூடான். சில நாள் 300 கிலோமீற்றருக்கு மேல் போயிருக்கிறது. நம் நாட்டின் முழு நீளமே 430 கிலோமீற்றர் சொச்சம்தான் என்று சொன்னபோது வகுப்பே சத்தம் போட்டது. செப்டெம்பர் 20 அளவில் சூடானில் இருந்து மேற்கே திரும்பி சாட் நாட்டுக்குள் போனது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு 12 நாளாக புள்ளிகள் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கின்றன. கடைசிப் புள்ளியின் திகதி நேற்று.

செத்துவிட்டதா? அப்படியென்றால் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? வகுப்பில் ஒரு பிள்ளையின் அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார், தினமும் வாசலில் நின்று "சேர், இன்றைக்கு நகர்ந்ததா" என்று முதலில் கேட்பது அந்தப் பிள்ளைதான். தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.


பதுளை_பறவைநேசன் எழுதியது:

சேர், அவசரப்பட்டு எதுவும் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது உயிரோடு இருக்கத்தான் கூடுதல் வாய்ப்பு.

கிழக்கு வழியால் போகும் செங்கால் நாரைகள் ஐரோப்பாவில் இருந்து நேராகத் தென்னாபிரிக்காவுக்கு ஒரே மூச்சில் போவதில்லை. சஹாராவைத் தாண்டியதும் சூடானிலும் சாட்டிலும் பல வாரம் தங்கிவிடும். செப்டெம்பரில் அங்கே மழைக்காலம் முடிகிற நேரம், புல் உயரமாக நிற்கும், வெட்டுக்கிளியும் புழுவும் கொட்டிக்கிடக்கும். ஆபிரிக்கப் படைப்புழு என்று ஒன்று இருக்கிறது, 2018 கடைசியில் நம் நாட்டுச் சோளச் சேனைகளை அழித்ததே சேனா புழு, அதற்கு நெருங்கிய சொந்தம். பெருகினால் நிலமே கறுப்பாக நகர்வது போல இருக்கும், நாரைகள் அதைத் தேடித்தான் போகின்றன. தென்னாபிரிக்காவில் இந்தப் பறவைக்கே பெரிய வெட்டுக்கிளிப் பறவை என்று ஒரு பெயர் உண்டு. ஆக ராசாத்தி பயணத்தை நிறுத்தியது சாப்பிடுவதற்காக இருக்கலாம்.

ஆனால் ஊகத்தை நம்ப வேண்டாம், நீங்களே பார்க்கலாம். உலகப் படத்தின் அளவில் வைத்துப் பார்த்தால் பத்துக் கிலோமீற்றரும் ஒரு புள்ளிதான். அந்தக் குவியலை விரலால் பெரிதாக்குங்கள், முடிந்த மட்டும் பெரிதாக்குங்கள். பிறகு பகல் புள்ளிகளையும் இரவுப் புள்ளிகளையும் தனித்தனியாகப் பாருங்கள். உயிரோடு இருக்கும் நாரை பகலில் வயல், குட்டை என்று ஒன்று இரண்டு கிலோமீற்றராவது அலையும், சாயங்காலம் ஒரு மரத்துக்கு வந்து அடையும், அதனால் பகல் புள்ளிகள் சிதறியும் இரவுப் புள்ளிகள் நெருங்கியும் இருக்கும். செத்துக் கிடக்கிற பறவைக்கு இரவும் பகலும் ஒன்றுதான், சில பத்து மீற்றருக்குள் எல்லாப் புள்ளியும் விழும், அந்தச் சிறு அசைவுகூட ஜீபிஎஸ்ஸின் பிழைதான். புள்ளி தெரு வழியே வாகன வேகத்தில் போய் ஊருக்குள் நின்றால் யாரோ கருவியை எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

இன்னொன்று. நேற்றுப் புள்ளி வந்திருக்கிறது என்பதால் பறவை உயிரோடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. கருவிக்கு சோலார் தகடு இருக்கிறது, வெயில் பட்டால் செத்த பறவையின் முதுகில் இருந்தும் தகவல் அனுப்பும். அதேபோல பத்து நாள் ஒன்றுமே வராமல் போனாலும் பயப்பட வேண்டியதில்லை, ஏனென்றால் சில கருவிகள்தான் ஆர்கோஸ் போன்ற செய்மதிக்கு நேரடியாக அனுப்பும், இப்போது கட்டுகிற பலவும் இடங்களைத் தனக்குள் சேமித்து வைத்துக்கொண்டு கைத்தொலைபேசிக் கோபுரம் எட்டும்போது மொத்தமாக அனுப்புகிறவை. சஹாராவுக்கு நடுவில் கோபுரம் எங்கே இருக்கப்போகிறது? உங்கள் தண்ணீர்த் தாங்கிக் கதைதான் சேர் அதுக்கும்.

பார்த்துவிட்டு எழுதுங்கள்.


ஹட்டன்_வாசி எழுதியது:

மேலே அண்ணா சொன்னது சரி. ஆனால் சேர் இரண்டாவது கேள்வியையும் கேட்டிருக்கிறார், அதைப் பற்றி ஒரு வார்த்தை.

நான் மூன்று வருடத்துக்கு முன்பு இப்படி ஒரு நாரையைத் தம்பியோடு சேர்ந்து பின்தொடர்ந்தேன். சூடானில் நின்றுவிட்டது. பெரிதாக்கிப் பார்த்தோம், இரவும் பகலும் ஒரே இடம், பிறகு கருவியும் நின்றுவிட்டது. தம்பிக்கு அப்போது பத்து வயது. தென்னாபிரிக்காவுக்குப் போய்விட்டது என்று நான் பொய் சொன்னேன். இரண்டு மாதம் கழித்து அவனே செயலியைத் திறந்து பார்த்துக் கண்டுபிடித்து, பறவை செத்ததற்கு அழுததைவிட நான் மறைத்ததற்குத்தான் கூடுதலாக அழுதான். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இந்த வயதுப் பறவைகளில் பாதிக்கு மேல் முதல் வருடத்தைத் தாண்டுவதில்லை. மின்கம்பி, வேட்டை, பசி, களைப்பு. சேர் இதை இப்போதே, நாரை நன்றாக இருக்கும்போதே சொல்லி வைப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

கருவி ஊருக்குள் போகிற கதைக்கும் ஒரு உண்மைச் சம்பவம் இருக்கிறது. போலந்தில் இருந்து போன கய்டெக் என்ற நாரை 2018இல் சூடானில் நீல நைல் பள்ளத்தாக்கில் காணாமல் போனது. பிறகு கருவியில் இருந்த சிம்மை யாரோ எடுத்துத் தன் போனில் போட்டு 20 மணித்தியாலம் பேசியிருக்கிறார்கள், பறவைக்குக் கருவி கட்டிய அமைப்புக்கு 10,000 ஸ்லோட்டிக்கு (போலந்துப் பணம்) மேல் பில் வந்தது. பறவைக்கு என்ன நடந்தது என்பது மட்டும் கடைசி வரை தெரியவில்லை.


கொட்டகலை_மகள் எழுதியது:

சேர், நான் கொட்டகலை. மூன்று வருடமாக ஜோர்தானில் இர்பித் பக்கம் ஒரு கார்மெண்டில் வேலை செய்கிறேன். இந்தத் திரியை என் தங்கச்சி அனுப்பினாள்.

உங்கள் ராசாத்தி ஜோர்தான் வழியாகப் போனது என்று வாசித்ததும் என் மனது என்னவோ செய்தது. நான் அதைப் பார்த்திருக்கலாம். சத்தியமாகச் சொல்கிறேன், வெள்ளிக்கிழமை லீவு, விடுதி மொட்டைமாடியில் துணி காயப்போடப் போவோம், ஓகஸ்ட் கடைசியில் ஒரு நாள் மேற்கே பள்ளத்தாக்குப் பக்கம் வானம் முழுவதும் பறவைகள். முதலில் எனக்குப் பருந்து என்றுதான் தோன்றியது, ஊரில் தேயிலை மலைக்கு மேலே பத்து மணி வெயிலில் பருந்து வட்டமிடுமே, அதே மாதிரி இறக்கையை அடிக்காமல் சுற்றிச் சுற்றி மேலே போகின்றன, ஒன்று இரண்டல்ல, எண்ணவே முடியவில்லை, மேலே போய்ச் சிறிதானதும் வரிசையாகத் தெற்கே வழுக்கிக்கொண்டு போய்விட்டன. சத்தமே இல்லை. வெள்ளை உடம்பு, இறக்கை ஓரம் கறுப்பு. என்னோடு இருந்த பங்களாதேஷ் பிள்ளை போனில் வீடியோ எடுத்தாள். மார்ச் கடைசி, ஏப்ரலில் திரும்ப வடக்கே போகும்போதும் பார்த்திருக்கிறேன்.

எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. என் மகளும் தரம் 6, அம்மாவோடு கொட்டகலையில் இருக்கிறாள். அவளுக்கும் இந்தச் செயலியை இறக்கித் தரச் சொல்லப்போகிறேன். ஏன் இந்தப் பறவைகள் கடலுக்கு மேலால் நேராகப் போகாமல் எங்கள் பக்கம் சுற்றிப் போகின்றன என்று யாராவது சொல்வீர்களா? அவள் கேட்பாள்.


பதுளை_பறவைநேசன் எழுதியது:

அக்கா, அந்தப் பருந்து உதாரணத்திலேயே பதில் இருக்கிறது. வெயிலில் தரை சூடாகும், அதற்கு மேலுள்ள காற்று சூடாகி மேலே எழும். நாரை அந்தக் காற்றில் ஏறி உயரத்துக்குப் போய், அங்கிருந்து வழுக்கி இறங்கி அடுத்த சூட்டுக் காற்றைப் பிடிக்கும், இறக்கை அடிக்கத் தேவையில்லை. மூன்று நான்கு கிலோ உடம்பை இறக்கை அடித்தே ஆபிரிக்கா வரை கொண்டுபோவது நடக்கிற காரியமில்லை. கடலுக்கு மேலே அப்படிக் காற்று எழாது. அதனால் மத்தியதரைக் கடலை இரண்டு பக்கமும் சுற்றிப் போகின்றன: கிழக்கே போஸ்பரஸ் வழியாக உங்கள் பக்கம், மேற்கே ஸ்பெயினில் இருந்து ஜிப்ரால்டர் நீரிணையைத் தாண்டி, அங்கே கடல் 14 கிலோமீற்றர்தான். மேற்கு வழியால் போகிறவற்றில் பல இப்போது ஆபிரிக்காவுக்கே போவதில்லை, ஸ்பெயினில் குப்பை மேடுகளில் தீனி கிடைப்பதால் குளிர்காலம் முழுக்க அங்கேயே நின்றுவிடுகின்றன. 27 இளம் நாரைகளில் கருவி கட்டி 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு இருக்கிறது, சூட்டுக் காற்றை நன்றாகப் பயன்படுத்தி இறக்கை குறைவாக அடித்தவை ஆபிரிக்காவுக்குப் போயின, அதிகம் அடித்தவை ஸ்பெயினோடு நின்றன. முதல் சில நிமிடப் பறப்பைப் பார்த்தே எது எவ்வளவு தூரம் போகும் என்று ஓரளவு சொல்ல முடிந்ததாம்.

சேருக்கு வகுப்பில் சொல்ல ஒரு கதை. கருவி, செய்மதி ஒன்றும் இல்லாத காலத்தில், 1822இல், ஜேர்மனியில் க்ளூட்ஸ் என்ற ஊரில் ஒரு நாரையைச் சுட்டார்கள். அதன் கழுத்தில் ஏறக்குறைய 80 சென்றிமீற்றர் நீள ஈட்டி குத்தியபடி இருந்தது, ஆபிரிக்க மரத்தில் செய்த ஈட்டி. அதோடு அது அவ்வளவு தூரம் பறந்து ஊர் திரும்பியிருக்கிறது. குளிர்காலத்தில் பறவைகள் எங்கே போகின்றன என்று ஐரோப்பாவில் அதுவரைக்கும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், குளத்துச் சேற்றுக்குள் தூங்குகின்றன என்று நம்பியவர்களும் உண்டு. அந்த நாரையைப் பாடம் செய்து ரொஸ்டொக் பல்கலைக்கழகத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள். வகுப்பில் சொல்லிப் பாருங்கள், மணி அடித்தாலும் எழும்ப மாட்டார்கள்.


மஸ்கெலியா_ஆசிரியர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை நல்ல மழை, ஆனாலும் தண்ணீர்த் தாங்கிக்குப் போய் குடைக்குள் நின்றே பெரிதாக்கிப் பார்த்தேன். கை நடுங்கியது.

பகல் புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன. மூன்று கிலோமீற்றர், ஐந்து கிலோமீற்றர், ஒரு நாள் ஒன்பது. இரவுப் புள்ளிகள் இரண்டே இடத்தில். செய்மதிப் படத்தில் பார்த்தால் அந்த இரண்டு இடத்திலும் மரங்கள் தெரிகின்றன, பக்கத்தில் வற்றிக்கொண்டிருக்கிற ஒரு குட்டை. ராசாத்தி உயிரோடுதான் இருக்கிறாள்.

வகுப்பில் அந்தப் படத்தைக் காட்டி, எது பகல் எது இரவு என்று பிள்ளைகளையே பிரிக்கச் சொன்னேன். குவைத்தில் அம்மா இருக்கிற பிள்ளைதான் முதலில் கண்டுபிடித்தது, "சேர், ராத்திரி வீட்டுக்கு வருது" என்றது. பிறகு ஹட்டன் தம்பி சொன்னபடி, இந்த வயதில் பாதிக்கு மேல் பிழைப்பதில்லை என்பதையும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. ஒரு பையன் மட்டும் "அப்போ தினமும் பார்க்கத்தான் வேணும்" என்றான்.

இன்னும் ஒரு கேள்வி: இனி எப்போது நகரும்? மூன்றாம் தவணை விடுமுறைக்கு முன்பா பின்பா?


பதுளை_பறவைநேசன் எழுதியது:

மிகவும் சந்தோஷம் சேர். அங்கே நிலம் காயக் காய நகரும், ஒக்டோபர் கடைசி, நவம்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலவும் தென்கிழக்கே கென்யா, தன்சானியா பக்கம் போகும், சில தென்னாபிரிக்கா வரை, சில சாட்டிலும் சூடானிலுமே குளிர்காலத்தைக் கழித்துவிடும். வசந்தத்தில் ஜேர்மனிக்குத் திரும்பவில்லை என்று பிள்ளைகள் கவலைப்பட வேண்டாம், இளம் பறவைகள் முதல் வருடத்தில் பாதி வழியிலேயே நின்றுவிடுவது வழக்கம், கூடு கட்ட மூன்று நான்கு வயதாக வேண்டும்.

அதுவரைக்கும் பார்ப்பதற்கு நம் தோட்டத்திலேயே ஒன்று இருக்கிறது. ஆறுமணிக் குருவி இந்தியாவில் இருந்து இப்போதுதான் வந்து இறங்குகிற நேரம், காலையும் மாலையும் புதருக்குள் இருந்து கூப்பிடும். வந்த களைப்பில் சில நேரம் லய வீடுகளுக்குள்ளேயே வந்து விழும். அப்படி விழுந்தால் ஓட்டை போட்ட ஓர் அட்டைப் பெட்டிக்குள் இருட்டில் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, தெளிந்ததும் வெளியே விடச் சொல்லுங்கள். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கடற்காகங்களுக்குக் கருவி கட்டி, அவை ரஷ்யாவின் ஆர்க்டிக் கரை வரை போவதைக் கண்டிருக்கிறார்கள், அதையும் வகுப்பில் சொல்லலாம்.


மஸ்கெலியா_ஆசிரியர் எழுதியது:

சொல்கிறேன். கொட்டகலை அக்காவுக்கு: பிள்ளைகள் இர்பித்திலும் ஒரு ஊசி குத்தியிருக்கிறார்கள், மஞ்சள் நூலில், பக்கத்தில் "இங்கிருந்து ஒரு அக்கா பார்த்தார்" என்று எழுதி. அந்தப் பங்களாதேஷ் பிள்ளை எடுத்த வீடியோ இன்னும் இருந்தால் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்ப முடியுமா? மகளுக்கு நம் சுவர்ப் படத்தின் போட்டோ ஒன்றை அனுப்பிவைக்கிறேன்.