பழைய மர ஜன்னல்களைக் காப்பாற்றிய கதைகள்: பெங்களூர் வீட்டுக்காரர்களின் அனுபவப் பகிர்வு

பிரேசர் டவுன் வாசகி:

பழைய மர ஜன்னலைப் பிடுங்கிவிட்டு யுபிவிசி என்ற பிளாஸ்டிக் ஜன்னல் போடலாம் என்று யாராவது சொன்னால், முன்பணம் கொடுப்பதற்கு முன் நல்ல தச்சர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

வீடு என் மாமனார் வழியில் வந்தது. முன்பக்கம் எல்லாம் கீல் வைத்துத் திறக்கும் ஜன்னல்கள். பின்பக்கத்து இரண்டு அறைகளில் மட்டும் மேலும் கீழும் நகரும் சாஷ் ஜன்னல்கள். மேலே ஒரு கண்ணாடிச் சட்டம், கீழே ஒரு கண்ணாடிச் சட்டம், இரண்டும் தனித்தனித் தடத்தில் ஓடும். பெங்களூர் பழைய பங்களாக்களில் இந்த வகை குறைவு. அதனால் இங்குள்ள தச்சர்கள் பலர் இதைப் பிரித்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

வீட்டு வேலை எடுத்துச் செய்யும் ஒருவர் வந்தார். கீழ்ச் சட்டத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார், அசையவில்லை. “மரம் உப்பிப்போச்சு மேடம், இனி ஒண்ணும் பண்ண முடியாது” என்று அளவு எடுக்க ஆரம்பித்துவிட்டார். என் கணவருக்கும் அது சரி என்றுதான் பட்டது. எனக்கு மனசு வரவில்லை. விசாரித்ததில் அல்சூரில் ஒரு வயதான தச்சர் இருப்பதாகச் சொன்னார்கள். அடுத்த வாரம் வந்தார்.

அவர் ஜன்னலைத் தூக்கவே இல்லை. முதலில் திருப்புளி முனையால் கீழ்ச் சட்டத்தின் அடிக்கட்டையை வரிசையாகக் குத்திக்கொண்டே போனார். எங்கும் முனை இறங்கவில்லை. பிறகு சட்டமும், அதைத் தடத்தில் பிடித்திருக்கும் பக்கத்து ரீப்பரும் (மெல்லிய மரப்பட்டி) சேரும் கோட்டில் கத்தியை வைத்து மெதுவாக இழுத்தார். பெயிண்ட் நாடா மாதிரி உரிந்து வந்தது. வெட்டு விளிம்பில் பழுப்பு, அதற்குக் கீழே நீலம், பச்சை, கடைசியில் சந்தன நிறம் என்று அடுக்கடுக்காகத் தெரிந்தது. “மரம் உப்பலை அம்மா. ஒவ்வொரு தடவை பெயிண்ட் அடிக்கிறப்பவும் சந்துல இறங்கிப் பசை மாதிரி புடிச்சிருக்கு. இது வைரம் பாய்ஞ்ச தேக்கு, இன்னைக்குக் காசு கொடுத்தாலும் இந்த மரம் கிடைக்காது” என்றார்.

நாலு பக்கமும் கோடு கிழித்து, மரத்துண்டு ஒன்றை வைத்துச் சுத்தியால் லேசாகத் தட்டியதும் சட்டம் கிறீச்சென்று விடுபட்டது. ஆனால் கோணலாக ஏறியது. இடது பக்கக் கயிறு எப்போதோ அறுந்திருக்கிறது.

இந்த ஜன்னலின் சூட்சுமம் முழுக்க நிலைக்கு உள்ளே இருக்கிறது. நிலையின் இரண்டு பக்கமும் கூடு மாதிரி உள்ளீடாக இருக்கும். மேலே கப்பி. சட்டத்தின் பக்கவாட்டில் ஆணியடித்த கயிறு கப்பி மேல் ஏறி, அந்தக் கூட்டுக்குள் இறங்கி, வார்ப்பிரும்புக் குண்டு ஒன்றைத் தாங்கிக்கொண்டிருக்கும். சட்டத்தின் எடையைக் குண்டுகள் ஈடுகட்டுவதால் ஒரு விரலால் தூக்கலாம், விட்ட இடத்தில் நிற்கும். கயிறு அறுந்தால் குண்டு கூட்டின் அடியில் போய் விழுந்துவிடும்.

அதை எடுக்கச் சுவரை உடைக்க வேண்டியதில்லை. நிலையின் கீழ்ப்பகுதியில், சட்டம் ஓடும் தடத்திலேயே, ஒரு சின்ன மூடி இருக்கிறது. எங்கள் ஜன்னலில் அதுவும் பெயிண்டுக்கு அடியில் மறைந்திருந்தது. பெரியவர் விரல் நகத்தால் தடவியே கண்டுபிடித்தார். மூடியைத் திறந்ததும் துருப்பிடித்த நீளமான குண்டு சாய்ந்து கிடந்தது, கயிற்றின் முடிச்சு அதன் தலையில் அப்படியே இருந்தது. செய்தவர்கள் பின்னால் வரப்போகும் பழுதை யோசித்தே செய்திருக்கிறார்கள் என்று அப்போது தோன்றியது. உள்பக்க ரீப்பரை எடுத்தால் கீழ்ச் சட்டம் வரும், நடு ரீப்பரை எடுத்தால் மேல் சட்டம் வரும். எல்லாமே கழற்றி மாட்டத்தான்.

அவர் கண்டிப்பாகச் சொன்ன ஒன்று: மழைக்காலத்தில் மரத்தை இழைக்கக் கூடாது. இங்கே செப்டம்பர், அக்டோபரில் பெய்கிற மழையில் மரம் ஈரம் குடித்துக் கொஞ்சம் பெருக்கும். அப்போது இழைப்புளி போட்டுவிட்டால் மார்ச்சில் சட்டம் லொடலொடவென்று ஆடும். பெயிண்டைச் சுரண்டிவிட்டு, தடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார். வெயில் வந்ததும் பார்த்தோம். இழைக்கவே தேவைப்படவில்லை.

கூக் டவுன் அம்மா:

அக்கா எழுதியது ரொம்ப உபயோகம். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த நீலம், பச்சை, சந்தன அடுக்குகளைச் சுரண்டுவது பற்றி.

நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் ஜன்னல்களுக்கு மறு பெயிண்ட் அடிக்க ஆள் வந்தார்கள். மிஷினில் உப்புத்தாளை மாட்டிக் காய்ந்த பெயிண்டைத் தேய்த்தார்கள். வீடு முழுக்கப் பொடி. என் பெண் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள், தரையில் கை வைத்து அதே கையை வாயில் வைப்பாள். குழந்தைகள் மருத்துவரிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும், உடனே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்றார். நல்லவேளை, கவலைப்படும்படி எதுவும் வரவில்லை. முடிவு வரும் வரை நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016-இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய அடுக்கு எதையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். ஈயம் வளரும் குழந்தையின் மூளையைப் பாதிக்கிறது. இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்லும்படி ஒரு அளவே அதற்குக் கிடையாது. கர்ப்பிணிகளும் அந்த அறையில் இருக்கக் கூடாது.

அதனால் காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளை வாங்கிக் கையால் தேய்க்கச் சொல்லுங்கள். கேஸ் டார்ச் வைத்து எரித்து உரிப்பது இன்னும் மோசம், புகையிலேயே ஈயம் வந்துவிடும். தரையில் தடித்த பிளாஸ்டிக் தாள் விரித்து, வேலை முடிந்ததும் அதை உள்பக்கமாக மடித்துக் கட்டுங்கள். துடைப்பம் வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள். வேலை செய்கிற அண்ணன்மார்களுக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். வெறும் துணி முகமூடி பொடியைத் தடுக்காது, நல்ல மாஸ்க் நாமே வாங்கிக் கொடுத்துவிடலாம். அந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

மல்லேஸ்வரம் ஓய்வுபெற்றவர்:

1898 பிளேக் நோய்க்குப் பிறகு நெரிசலில்லாமல் வாழ வேண்டும் என்று மக்கள் குடியேறிய பேட்டை எங்களுடையது. பசவனகுடியும் அப்படித்தான். அந்தக் காலத்து வீடுகளில் காற்றும் வெளிச்சமும் வர ஜன்னலுக்கு அவ்வளவு முக்கியத்துவம் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் சாஷ் ஜன்னல் இல்லை. கீல் ஜன்னல்களும், அவற்றின் மேலே மரப்பட்டிகள் அடித்த, மங்கி டாப் என்று சொல்லும் கூரான மறைப்பும்தான். இருந்தாலும் கண்ணாடி வேலை எல்லா மர ஜன்னலுக்கும் ஒன்றுதான் என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் ஜன்னலில் பழைய கண்ணாடி இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். அதன் வழியாகத் தெருவைப் பார்த்தபடி தலையை லேசாக அசைத்தால் எதிர்வீட்டுச் சுவர் நெளியும். இப்போது நாம் வாங்கும் சமதளக் கண்ணாடி, உருகிய வெள்ளீயத்தின் (டின்) மேல் மிதக்கவிட்டுச் செய்வது. இங்கிலாந்தில் பில்கிங்டன் நிறுவனம் அந்த முறையை 1959-இல்தான் அறிவித்தது. அதற்கு முந்தைய கண்ணாடியில் அலை இருப்பது செய்முறையால் வந்தது. கண்ணாடி காலப்போக்கில் கீழே வழிந்து அப்படி ஆகிவிட்டது என்று சிலர் சொல்வார்கள், அது உண்மையில்லை.

புட்டிக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக்கு வந்த பெயிண்டர் சுவருக்குப் பூசும் வெள்ளைப் புட்டியையே கண்ணாடி விளிம்பிலும் வைத்தார். அது சிமெண்ட் சேர்ந்தது. மரம் விரிந்து சுருங்கும்போது கூடவே நெகிழாது. ஒரு மழை முடிந்ததும் துண்டு துண்டாக உதிர்ந்தது, விரிசலுக்குள் தண்ணீர் இறங்கிக் கீழ்க்கட்டையின் ஒரு மூலை மெத்தென்று ஆகிவிட்டது.

பிறகு நானே செய்தேன். சாக் பவுடரும் ஆளிவிதை எண்ணெயும்தான். எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சப்பாத்தி மாவு மாதிரி பிசைய வேண்டும். கையில் ஒட்டாமல் வரும்போது பதம். அதற்கு முன் மரத்தின் பள்ளத்தில் அதே எண்ணெயை மெல்லிசாகப் பூசிக் காயவிட வேண்டும். இல்லாவிட்டால் வறண்ட மரம் புட்டியிலிருக்கும் எண்ணெயை உறிஞ்சிவிடும், புட்டி வெடிக்கும். பள்ளத்தில் கொஞ்சம் புட்டி வைத்து, அதன்மேல் கண்ணாடியை அழுத்தி உட்கார வைத்து, தலையில்லாச் சின்ன ஆணிகளால் பிடிப்புக் கொடுத்து, வெளிப்பக்கம் சாய்வாகப் புட்டியை இழுக்க வேண்டும். கத்தியை ஒரே இழுப்பில் கொண்டுபோனால்தான் விளிம்பு வழுவழுப்பாக வரும்.

மேலே தோல் கட்ட ஓரிரு வாரம் ஆகும், அவசரப்பட்டு பெயிண்ட் அடிக்க வேண்டாம். அடிக்கும்போது பெயிண்ட் புட்டியைத் தாண்டிக் கண்ணாடியின் மேல் இரண்டு மில்லிமீட்டர் ஏறி நிற்கட்டும். அந்த மெல்லிய கோடுதான் மழைநீர் உள்ளே போகாமல் தடுக்கிறது. சுத்தமாக இருக்க வேண்டும் என்று பிளேடால் அதைச் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள், அது கூடாது.

அல்சூர்:

பிரேசர் டவுன் அக்காவுக்கு வந்த பெரியவர் எனக்குத் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும். என் அப்பாவும் அந்தத் தலைமுறைத் தச்சர்தான். கயிறு விஷயத்தில் அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததை எழுதுகிறேன், ஏனென்றால் இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

நைலான் கயிறு வேண்டாம். அது இழுபடும், கப்பியில் வழுக்கும். பின்னிய பருத்திக் கயிறு நல்லது. ஒரு பக்கம் அறுந்திருந்தால் இரண்டு சட்டங்களின் நாலு கயிற்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். மற்றதும் அதே வயசுதான். வளைத்த சின்ன ஆணி ஒன்றை நூலில் கட்டி, கப்பி மேல் விட்டால் அது தன் எடையில் கூட்டுக்குள் இறங்கி அடியில் உள்ள மூடி வழியாக வரும். நூலின் மறுமுனையில் புதுக் கயிற்றைக் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.

நீளம் முக்கியம். கீழ்ச் சட்டத்தை முழுக்கத் தூக்கும்போது குண்டு கூட்டின் தரையைத் தொடாமல் கொஞ்சம் மேலேயே தொங்க வேண்டும். தொட்டால் கயிறு தளர்ந்து கப்பியிலிருந்து நழுவும். சட்டத்தை இறக்கும்போது குண்டு கப்பியில் இடிக்கக் கூடாது. அப்புறம், உடைந்த கண்ணாடிக்குப் பதில் தடித்த கண்ணாடி போட்டால் பழைய குண்டு போதாது. சட்டத்தைக் கண்ணாடியோடு எடை மெஷினில் வையுங்கள். ஒவ்வொரு குண்டும் அதில் பாதி இருக்க வேண்டும். மேல் சட்டத்துக்குக் குண்டு கொஞ்சம் கூடுதலாக இருந்தால் அது மேலேயே நிற்கும். கீழ்ச் சட்டத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் மூடியபடி நிற்கும்.

கயிற்றுக்கும் கப்பிக்கும் பெயிண்ட் அடிக்கவே கூடாது. பெயிண்ட் பட்ட கயிறு விறைத்துப்போய் வளைகிற இடத்தில் அறுந்துவிடும். அப்பா இதற்காகப் பெயிண்டர்களோடு சண்டையே போட்டிருக்கிறார்.

காக்ஸ் டவுன்:

எங்கள் ஜன்னலில் அடிக்கட்டை உளுத்துவிட்டது. அதையும் சரிசெய்ய முடியுமா, இல்லை முழுச் சட்டமும் போச்சா? வீட்டுக்காரர் செலவு செய்ய மாட்டேன் என்கிறார்.

பிரேசர் டவுன் வாசகி:

எங்கள் இரண்டாவது ஜன்னலிலும் அதே கதைதான். உளுத்த பாகத்தை நல்ல மரம் தெரியும்வரை வெட்டி எடுத்து, சாய்வாகச் சீவி, அதே அளவில் பழைய தேக்குத் துண்டை வைத்து, தண்ணீர் தாங்கும் பசையால் ஒட்டினார் பெரியவர். மைசூர் ரோடு மரக்கடைப் பக்கம் இடித்த வீட்டுத் தேக்கு கிடைக்கிறது, புது மரத்தைவிட அது நன்றாகச் சேர்கிறது.

ஆனால் ஏன் உளுத்தது என்று பார்க்காமல் ஒட்டினால் மறுபடியும் உளுத்துவிடும். ஜன்னல் படியின் அடிப்பக்கம் வெளிவிளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய பள்ளம் ஓடும், கையை விட்டுத் தடவிப் பாருங்கள். மேலிருந்து வழிகிற தண்ணீர் அந்தப் பள்ளத்தில் சொட்டி விழுந்துவிடும், சுவர்ப் பக்கம் ஓடாது. எங்கள் வீட்டில் பெயிண்டும் சிமெண்டும் சேர்ந்து அதை முழுக்க அடைத்திருந்தன. உளியால் சுத்தம் செய்த பிறகு படி காய்ந்தே இருக்கிறது. கரையான் மண்கோடு தெரிந்தால் ஜன்னலில் மட்டும் மருந்து அடிக்காதீர்கள், அது சுவர் வழியாகத்தான் ஏறி வருகிறது.

வீட்டுக்காரர் செலவு செய்யாவிட்டாலும் பள்ளத்தைச் சுரண்டுவதும், உதிர்ந்த புட்டியை அடைப்பதும் உங்களால் முடியும், பெரிய செலவில்லை. அதை மாங்காய் மழை வருவதற்கு முன், மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள். பெரியவரின் எண்ணை உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன். காலை எட்டு மணிக்கு முன்னால் கூப்பிட்டால்தான் எடுப்பார்.