உறவினர் வீடுகளில் தங்கித் தங்கி, வத்தளையிலிருந்து உடப்பு வரை படகில் செல்ல முடியுமா?

கேள்வி (கொட்டாஞ்சேனை வாசகர்):
வணக்கம். ஏப்ரல் விடுமுறையில் என் பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, வத்தளையில் சித்தி வீட்டிலும் நீர்கொழும்பில் நண்பர் குடும்பத்தினருடனும் தங்கி, உடப்பிலுள்ள மாமா வீடு வரை அவசரமின்றிப் படகில் செல்ல விரும்புகிறேன். கடல்வழி உகந்ததா, கால்வாய் வழி உகந்ததா?

மறுமொழி (ஹெந்தளை வாசகர்):
ஐயா, முதியவர்களும் பிள்ளைகளும் உடன் வருவதால் கால்வாயையே தேர்ந்தெடுங்கள். பிரித்தானியர் 1802இல் வெட்டத் தொடங்கி 1804இல் முடித்த ஹமில்டன் கால்வாய், வத்தளையையும் ஹெந்தளையையும் கடந்து, கடலுக்கும் முத்துராஜவெல சதுப்பு நிலத்துக்கும் இடையே நீர்கொழும்புக் களப்பை நோக்கிச் செல்கிறது. வெயில் ஏறுவதற்கு முன் புறப்பட்டால் கொக்குகளையும் நீர்க்காகங்களையும் மீன்கொத்திகளையும் நெருக்கமாகக் காணலாம் என்பதால், இந்தப் பகுதியில் இயந்திரத்தை மெதுவாக ஓட்டும்படி படகோட்டியிடம் முன்கூட்டியே கூறிவிடுங்கள். அனைவருக்கும் உயிர்காப்பு அங்கி கட்டாயம் வேண்டும்.

மறுமொழி (சிலாபம் வாசகர்):
நீர்கொழும்புக்கு வடக்கே கால்வாய் புத்தளம் வரை நீண்டாலும், தாழ்ந்த பாலங்களும் ஆகாயத்தாமரையும் வழியை மறிக்கக்கூடும். ஆகவே, நண்பர் வீட்டில் ஓரிரவு தங்கிய பின், சிலாபம் வரை ரயிலிலும் அங்கிருந்து உடப்புக்குப் பேருந்திலும் செல்வதே என் விருப்பம். திரௌபதி அம்மன் தீமிதிப்பைக் காண ஆடி, ஆவணி வரை பயணத்தைத் தள்ளிவைப்பதாயின், கடல்வழியை அறவே தவிர்த்துவிடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்றில் மேற்குக் கடல் கொந்தளிப்பாகவே இருக்கும்.