கோத்தகிரி வீட்டுக்கு கேஸ் கீசரா, கரண்ட் கீசரா?

கோத்தகிரிவாசி:
பழைய வீட்டின் பாத்ரூமை இடித்துக் கட்டுகிறோம். இத்தனை வருடம் விறகடுப்பில் அண்டா வைத்துத்தான் வெந்நீர். இனி விறகோடு மல்லுக்கட்ட முடியாது என்று அம்மா சொல்லிவிட்டார். ஐந்து பேர், காலை எட்டுக்குள் குளித்துக் கிளம்ப வேண்டும். டேங்க் கீசருக்கு இடமில்லை, திறந்தவுடன் சுடுகிற இன்ஸ்டன்ட் வகைதான். கேஸா, கரண்டா? லைன் சிங்கிள் ஃபேஸ். மேல்தொட்டி பாத்ரூம் கூரை மேலேயே இருக்கிறது.

நீலக்குறிஞ்சி:
கேஸ்தான், யோசிக்கவே வேண்டாம். மார்கழியில் தொட்டித் தண்ணீர் 12 டிகிரி என்று வையுங்கள். குளிக்க 40 வேண்டும் என்றால் 28 டிகிரி ஏற வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண இன்ஸ்டன்ட் கீசர் 3 கிலோவாட். அது இந்தக் குளிருக்கு நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர்தான் தரும். 20 லிட்டர் வாளி நிறைய 13 நிமிடம் ஆகும், ஐந்து வாளிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். 6 லிட்டர் கேஸ் கீசரின் சூடு சுமார் 10 கிலோவாட், அதே வாளி நான்கு நிமிடத்தில் நிறையும். சென்னையில் தண்ணீரே வெதுவெதுப்பாக வருவதால் 3 கிலோவாட் போதும். இங்கே போதாது. அப்புறம், காற்றில் மரம் விழுந்து கரண்ட் போனாலும் இரண்டு பெரிய பேட்டரி செல்லில் கேஸ் கீசர் பற்றிக்கொள்ளும்.

எர்த்ஒயர்:
கணக்கு சரி, ஆனால் 3 கிலோவாட்டோடு நின்றுவிட்டீர்கள். 4.5 கிலோவாட் மாடலும் இருக்கிறது, நிமிடத்துக்கு 2.3 லிட்டர் வரும். சுமார் 20 ஆம்பியர் இழுக்கும் என்பதால் மீட்டர் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மி.மீ. ஒயர், லோடு மீறினால் துண்டிக்கும் தனி எம்.சி.பி., மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., நல்ல எர்த் வேண்டும். எப்படியும் சுவரை இடிக்கிறீர்கள், இதுதான் ஒயர் இழுக்கச் சரியான நேரம்.

தொட்டி கூரை மேலேயே என்றால் ஷவருக்கு மேல் ஆறடி உயரம்கூடத் தேறாது. பல கேஸ் கீசர்களுக்கு அந்தப் பிரஷர் பற்றாது. குழாயைத் திறப்பீர்கள், பச்சைத் தண்ணீர் கொட்டும், உள்ளே தீ பிடிக்காது. பிரஷர் பம்ப் போடலாம், ஆனால் அதற்குக் கரண்ட் வேண்டும். அப்போது கரண்ட் போனாலும் வெந்நீர் என்ற பேச்சு எங்கே போகிறது?

நீலக்குறிஞ்சி:
வோல்டேஜை விட்டுவிட்டீர்களே. காலையில் எல்லா வீட்டிலும் ஹீட்டர் ஓடும்போது எங்கள் தெருவில் 190தான் இருக்கும். 230-க்கு 3 கிலோவாட் தரும் காயில் 190-ல் 2 கிலோவாட்தான் தரும். உங்கள் நாலரையும் மூன்றாகிவிடும்.

செலவையும் பார்ப்போம். ஒரு வாளிக்கு 0.65 யூனிட்டை ஒட்டி ஆகிறது. ஐந்து பேர், இரண்டு மாதம் என்றால் 200 யூனிட். ஏற்கெனவே 350 ஓடுகிற வீடு 500-ஐத் தாண்டிவிடும், தாண்டிய யூனிட் ஒவ்வொன்றும் 8 ரூபாய்க்கு மேல். 14.2 கிலோ சிலிண்டரை 900 ரூபாய் என்று வைத்தால் 220 வாளி வரும், வாளிக்கு நான்கு ரூபாய்.

வார்டுசிஸ்டர்:
செலவுக் கணக்குக்கு முன்னால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் வேலை செய்கிறேன். குளிருக்கு ஜன்னலையும் வென்டிலேட்டரையும் அடைத்துவிட்டுக் குளிக்கப் போனவர்களைக் கதவை உடைத்துத் தூக்கி வருவார்கள். கேஸ் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. சிலிண்டர் கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும், இது காட்டாது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 99 என்றே காட்டும், மூளைக்கோ ஆக்சிஜன் போய்ச் சேர்ந்திருக்காது. சிலருக்கு வலிப்பு வரும். பாத்ரூமில் கீசர் ஓடியதை யாரும் சொல்லாவிட்டால் வலிப்பு நோய் என்றே வைத்தியம் நடக்கும். கோத்தகிரியில் டிசம்பர் காலையில் யார் ஜன்னலைத் திறந்து வைத்துக் குளிப்பார்கள்? வீட்டில் வயதானவர்கள் வேறு இருக்கிறார்கள்.

நீலக்குறிஞ்சி:
சிஸ்டர் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. பாத்ரூமுக்குள் மாட்டவே கூடாது. எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்பதும் உதவாது, அதைப் போட மறக்கிற ஒரு நாள் போதும். நான் சொல்வது வெளிச்சுவரில் கீசர், பக்கத்தில் சிலிண்டர், உள்ளே வெந்நீர்க் குழாய் மட்டும். புகை வெளியோடு போய்விடும்.

எர்த்ஒயர்:
வெளிச்சுவர் என்றால் மலைக்காற்று தீயை அணைத்துக்கொண்டே இருக்கும். பாதுகாப்பு வால்வு கேஸை நிறுத்திவிடும் என்பது உண்மை, ஆனால் தலையில் சோப்போடு நிற்பவர் மேல் திடீரென்று பனித்தண்ணீர் விழும். காற்றை மறைக்கிறேன் என்று நாலு பக்கமும் தகரம் அடித்தால் புகைக்கு வழி அடைபடும். இன்னொன்று, 10 கிலோவாட் சூட்டுக்கு மணிக்கு ஒரு கிலோ கேஸ் போக வேண்டும். நடுங்கும் குளிரில் சிலிண்டருக்குள் திரவம் அவ்வளவு வேகமாக ஆவியாகாது. கால் சிலிண்டர் மிச்சம் இருக்கும்போதே தீ சுருங்கிவிடும். அதையும் உங்கள் 220 வாளியில் கழித்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரிவாசி:
இன்று காலை ஏழு மணிக்கு மீட்டர் வைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் வோல்டேஜ் 214. தொட்டி அடியிலிருந்து ஷவர் வரை அளந்ததில் ஐந்தரை அடிதான். கிழக்குச் சுவர் வெளிப்பக்கம் காற்று அதிகம் படாது, மேலே கூரை நீட்டம் இருக்கிறது, ஆனால் அதற்கு நேர் மேலே அப்பா படுக்கும் அறையின் ஜன்னல். புகை அங்கே ஏறுமே.

வார்டுசிஸ்டர்:
அந்தச் சுவர் வேண்டவே வேண்டாம். வேறு சுவர் இல்லையென்றால் கேஸை மறந்துவிடுங்கள்.

நீலக்குறிஞ்சி:
ஆமாம், ஜன்னலுக்கு அடியில் கூடாது. வடக்குச் சுவரைப் பாருங்கள், தொட்டியை ஸ்டாண்ட் வைத்து நான்கடி உயர்த்துங்கள். கேஸ்தான் என்பதில் எனக்கு மாற்றமில்லை.

எர்த்ஒயர்:
214 என்றால் 4.5 கிலோவாட் மாடல் 3.9 தரும், நிமிடத்துக்கு இரண்டு லிட்டர். வாளிக்குப் பத்து நிமிடம். முதலில் மின்வாரியத்தில் லோடு எவ்வளவு எழுதியிருக்கிறது என்று அட்டையைப் பாருங்கள், பழைய வீடுகளில் ஒரு கிலோவாட் என்றுகூட இருக்கும். அதைக் கூட்ட எழுதிக்கொடுத்த பிறகு கீசர் வாங்கினால் போதும்.