சாத்தனூர் கல்மரமும் அத்தை வைத்த குதிரையும்

வழியில் வண்டியை நிறுத்திப் பார்த்த இடங்களைப் பற்றி எல்லோரும் எழுதுவதைப் படித்ததும், போன தை மாதம் நாங்கள் போய்வந்த கதையைச் சொல்லத் தோன்றியது. சென்னையிலிருந்து புதுக்கோட்டைக்கு, அத்தை வீட்டுக்கு. அப்பா தவறிய பிறகு அம்மா அந்தப் பக்கம் போவது அதுதான் முதல் தடவை. நேராகப் போனால் பகலுக்குள் போய்ச் சேரலாம். பிள்ளைகளுக்காக இரண்டு நாள் எடுத்துக்கொண்டோம்.

முதலில் திண்டிவனம் தாண்டித் திருவக்கரை. 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிச் செம்மண்ணில் கிடக்கின்றன. பட்டையின் வரி, கணு, பிளவு எல்லாம் அப்படியே மரம்தான். அம்மா குனிந்து தட்டிப் பார்த்துவிட்டு, "வெறகுன்னு நெனச்சு எடுத்தா கை ஒடிஞ்சிரும்" என்றார்.

பெரம்பலூர் தாண்டி, நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே போனால் சாத்தனூர். இங்கே ஒரே அடிமரம், 18 மீட்டர் நீளம், வயது 12 கோடி ஆண்டு. ஆறு அடித்துக்கொண்டு வந்த மரம் கடலடிச் சேற்றில் புதைந்து கல்லானதாம். சுற்றிலும் காடு கழனிதான். இங்கேயா கடல் இருந்தது என்று மகன் நம்பவே இல்லை. மரத்தின் ஓரமாகவே நடந்து காலடியை எண்ணினான். மூன்று தடவை.

மறுநாள் அத்தையையும் ஏற்றிக்கொண்டு குளமங்கலம் போனோம். பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் குதிரை 33 அடி உயரம், முன்னங்கால் இரண்டையும் தூக்கிப் பாய்கிற நிலை. மாசி மகத்தன்று காகிதப்பூ மாலைகள் அதன் உடம்பையே மூடிவிடும். நாங்கள் போனது தை என்பதால் வெறும் குதிரையைத்தான் பார்த்தோம். அதற்கே பிள்ளைகளுக்கு அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது.

சாயங்காலம் திருமயம் கோட்டை பார்க்கக் காரைக்குடி சாலையில் போகும்போது, நமனசமுத்திரத்தில் அத்தை என் தோளைத் தட்டினார். "தம்பி, வண்டியக் கொஞ்சம் ஓரங்கட்டு."

அய்யனார் கோயிலுக்குப் போகும் பாதையில் இரண்டு பக்கமும் மண்குதிரைகள். புதியவற்றில் கழுத்துமணி, சேணம், வாய்ப்பூட்டு எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன. பின்வரிசைகளில் தலையில்லாதவை, வயிறு திறந்து உள்ளே புல் முளைத்தவை. அத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய் ஒரு இடத்தில் நின்றார். அங்கே இரண்டு கால்கள் மட்டும் மிச்சம், குழாய் மாதிரி. குதிரை செய்யும் குயவரான வேளார் கால்களைத் தனியாகச் சக்கரத்தில் வனைந்து, அதன்மேல் உடம்பை ஏற்றுவார் என்று அத்தைதான் சொன்னார். அந்தக் குழாயின் உள்சுவரில் விரல் தடம் வளையம் வளையமாக இன்னும் இருந்தது.

"இது நான் வச்சது. ஒங்கப்பன் சிங்கப்பூருக்குப் போயி எட்டு மாசம் கடுதாசியே இல்ல. கடுதாசி வந்தா குதிர எடுக்கிறேன்னு நேந்துக்கிட்டேன். கல்ல வித்த காசுல எடுத்தேன்." கல்ல என்றால் நிலக்கடலை.

"ஒடஞ்சிருச்சே அப்பத்தா, ஒட்ட மாட்டாங்களா?" என்று மகள் கேட்டாள்.

"ஒட்டக்கூடாது ஆத்தா. அடுத்த புரவியெடுப்புக்குப் பிடிமண் குடுத்துப் புதுசுதான் செய்யச் சொல்லுவாக." புரவியெடுப்பு என்றால் மண்குதிரைகளை ஊர்வலமாகக் கொண்டுபோய்க் கோயிலில் வைக்கும் திருவிழா. பிடிமண் என்றால் குதிரை செய்யச் சொல்லி வேளாரிடம் கொடுக்கும் ஒரு பிடி மண்.

அம்மா அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். "முப்பத்தெட்டு வருசம் கூட இருந்தேன், அண்ணி. அவரு இதச் சொன்னதே இல்லையே."

"அவனுக்கே தெரியாது" என்றார் அத்தை.

திருமயம் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிட்டது. கோட்டைக்குள் போகவில்லை. மற்ற வண்டிகளைப் போல நாங்களும் சாலையோரத்துக் கோட்டை பைரவர் முன்னால் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம். பின் சீட்டில் அம்மாவும் அத்தையும் வீடு வரும்வரை அந்த எட்டு மாசத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். நான் வண்டியை மெதுவாகவே ஓட்டினேன்.